பெயர் விழாதவரும் ஒப்புக்கொள்ளும் குலுக்கல்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அவர்கள் போன மாதம் போனில் கூப்பிட்டு, "தம்பி, நீ ஏதோ பிளாக்செயின் வேலை பார்க்கிறியாமே, பசங்களுக்குப் புரியிற மாதிரி கொஞ்ச நேரம் பேசேன்" என்றார். "எந்தக் காயின் வாங்கலாம்னு மட்டும் யாரும் கேட்கக் கூடாது சார்" என்று ஒரு நிபந்தனை போட்டுத்தான் ஒத்துக்கொண்டேன். அந்த நிபந்தனை இங்கே கூடியிருக்கும் அனைவருக்கும் பொருந்தும். காசு சம்பாதிக்கும் வழி சொல்ல நான் வரவில்லை. நான் பார்ப்பது கம்ப்யூட்டர் பராமரிக்கிற வேலை. 2011-இல் இதே கல்லூரியில் பட்டம் வாங்கிக்கொண்டு போனவன். இப்போது ஈதரியம் என்ற பிளாக்செயினுக்கு 'வாலிடேட்டர்' எனப்படும் சரிபார்ப்பு மெஷின்களை இரவு பகலாக ஓடவைக்கும் ஒரு குழுவில் இருக்கிறேன். அந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒரே ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லிவிட்டு, கடைசியில் நம் சங்கத்துக்கு ஒரு சின்ன யோசனையும் வைக்கலாம் என்று வந்திருக்கிறேன்.

பிளாக்செயின் என்றால் என்ன? நம் ஊர் மளிகைக் கடையில் இருக்கும் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார், யார் பெயரில் எவ்வளவு இருக்கிறது என்று எழுதி வைக்கும் கணக்குப் புத்தகம். கடைப் பேரேடு முதலாளியிடம் இருக்கும். பிளாக்செயின் பேரேட்டுக்கு முதலாளி கிடையாது. அதே புத்தகத்தின் நகல் உலகம் பூராவும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. எல்லா நகலும் ஒன்றுபோல இருக்கவேண்டும். அப்படியானால் உடனே ஒரு கேள்வி வருகிறது: அடுத்த பக்கத்தை எழுதப்போகும் கணக்குப்பிள்ளை யார்?

பிட்காயினில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கடினமான கணக்குப் புதிர் ஒன்று. அதை முதலில் போட்டவர் அடுத்த பக்கத்தை எழுதலாம். புதிர் போட ஏராளமான மின்சாரம் வேண்டும். ஈதரியமும் அந்த வழியில்தான் ஆரம்பித்தது. 2022 செப்டம்பர் 15 அன்று அதைக் கைவிட்டு, பிணைத்தொகை முறைக்கு மாறியது. ஆங்கிலத்தில் 'புரூஃப் ஆஃப் ஸ்டேக்' என்பார்கள். இந்த முறையில் கணக்குப்பிள்ளையாக விரும்புகிறவர் 32 ஈதர் பிணையாகக் கட்டவேண்டும். ஒழுங்காக வேலை செய்தால் சிறு ஊதியம் உண்டு. தில்லுமுல்லு செய்தால், உதாரணமாக ஒரே நேரத்துக்கு இரண்டு வெவ்வேறு பக்கங்களில் கையெழுத்துப் போட்டால், பிணையில் ஒரு பகுதி பறிபோகும், ஆளையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். இந்த மாற்றத்தால் அந்த வலைப்பின்னலின் மின்செலவு 99 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது.

2024-இல் இப்படிப் பிணை கட்டிய வாலிடேட்டர்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. ஒரே ஆள் பல வாலிடேட்டர்களை வைத்திருக்கலாம், அது வேறு விஷயம். பன்னிரண்டு விநாடிக்கு ஒரு பக்கம் எழுதப்படுகிறது. பத்து லட்சம் பேர் வரிசையில் நிற்கும்போது, இந்தப் பன்னிரண்டு விநாடிக்கு யார் என்பதை எப்படி முடிவு செய்வது?

"குலுக்கிப் போட வேண்டியதுதானே!" என்பீர்கள். சரிதான், குலுக்கத்தான் வேண்டும். இவர்தான் அடுத்து என்று வெகுநாள் முன்பே தெரிந்துவிட்டால் அவரை விலைக்கு வாங்கலாம், அல்லது அவருடைய மெஷினைத் தாக்கி முடக்கலாம். வசதியுள்ளவர் தன் பெயரே திரும்பத் திரும்ப வரும்படி செய்துகொண்டால் பேரேடு அவருடைய சொந்தப் புத்தகமாகிவிடும். ஆகவே யாராலும் முன்கூட்டிச் சொல்லமுடியாத, யாராலும் வளைக்கமுடியாத ஒரு தற்செயல் எண் வேண்டும். அதில்தான் சிக்கல். சொம்பு யார் கையில் இருப்பது?

நம் தெருக்களில் நடக்கும் குலுக்கல் சீட்டை நினைத்துப் பாருங்கள். இருபது பேர் மாதாமாதம் பணம் போடுவார்கள். பெயர் எழுதிய துண்டுச் சீட்டுகளை ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கி, வாசலில் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். ஏன் குழந்தை? அதற்கு இதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஏன் எல்லாரும் கூடியிருக்கும் கூடத்தில்? யாருக்குப் பெயர் விழவில்லையோ அவர்கள் பார்க்கவேண்டும் என்பதற்காக. பெயர் விழுந்தவருக்கு எந்தக் குலுக்கலும் நல்ல குலுக்கல்தான், அவர் எதையும் கேட்கமாட்டார். பெயர் விழாத பத்தொன்பது பேரும் "சரி, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று எழுந்து போகவேண்டும். அப்போதுதான் அந்தச் சீட்டு நிலைக்கும். குலுக்கல் நேர்மையானதா என்பதற்கு நான் வைத்திருக்கும் உரைகல் இதுதான். பெயர் விழாதவர் தானே பார்த்துத் திருப்தியடைய முடிகிறதா?

மூடிய அறையில் குலுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. பல மாநிலங்கள் சேர்ந்து நடத்திய 'ஹாட் லாட்டோ' என்ற லாட்டரியில் 2010 டிசம்பர் 29 அன்று ஒரு கோடியே 65 லட்சம் டாலர் பரிசு விழுந்தது. பரிசை வாங்க ஏறக்குறைய ஒரு வருஷம் யாரும் வரவில்லை. கடைசி நேரத்தில் வந்தவர்கள் சீட்டு வாங்கியவர் யார் என்று சொல்ல மறுத்ததால் பணம் தரப்படவில்லை. விசாரணை வருஷக்கணக்கில் நீண்டது. கடைசியில் சீட்டை வாங்கியவர் அந்த லாட்டரிச் சங்கத்தின் தகவல் பாதுகாப்பு இயக்குநர் என்று தெரிந்தது! எண்களைத் தேர்ந்தெடுக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமில், வருஷத்தின் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும் வரப்போகும் எண்களை ஊகிக்க முடிகிறபடி அவர் சில வரிகளைச் சேர்த்திருந்தார். 2017-இல் அவருக்கு 25 வருஷம் வரை சிறை என்று தீர்ப்பானது. யோசித்துப் பாருங்கள். அந்த மெஷினைத் தனி அறையில் பூட்டி, கேமரா வைத்துக் காத்தார்கள். அத்தனை பாதுகாப்பும் வெளியாளைத் தடுப்பதற்காக. சொம்பைக் கையில் வைத்திருந்தவர் உள்ளாள். சீட்டு வாங்கி ஏமாந்த லட்சக்கணக்கான பேருக்கு அந்தப் புரோகிராமைப் பார்க்கும் வழியே இருக்கவில்லை.

சரி, குழந்தையும் இல்லை, கூடமும் இல்லை. பங்கெடுப்பவர்கள் உலகத்தின் வெவ்வேறு மூலைகளில் இருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் நம்புவதும் இல்லை. அவர்கள் எப்படிக் குலுக்குவது? மானுவல் பிளம் என்ற பேராசிரியர் 1981-இல் இதை ஒரு வேடிக்கையான உதாரணத்தோடு கேட்டார். விவாகரத்தான இருவர் வேறு வேறு ஊரில் இருக்கிறார்கள். கார் யாருக்கு என்று போனிலேயே காசு சுண்டி முடிவு செய்யவேண்டும். ஒருவர் சுண்டிவிட்டு "பூ விழுந்துடுச்சு, நீ தோத்துட்டே" என்றால் மற்றவர் ஒப்புக்கொள்வாரா?

அதற்கு விடை இதுதான்: ஒருவர் தன் தேர்வை முதலிலேயே ஒரு பெட்டியில் பூட்டி எதிராளியிடம் கொடுத்துவிடவேண்டும். திறக்க முடியாததால் எதிராளிக்கு உள்ளே இருப்பது தெரியாது. பெட்டி கைமாறிவிட்டதால் கொடுத்தவராலும் மாற்ற முடியாது. இருவரும் சொல்லி முடித்தபின் சாவியைக் கொடுத்துத் திறந்து பார்க்கலாம். இந்தப் பெட்டியை மரத்தில் செய்யவேண்டாம், கணிதத்தில் செய்யலாம் என்று பிளம் காட்டினார்.

ஈதரியத்தின் குலுக்கலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதற்கு 'ராண்டாவோ' என்று பெயர். பிணை கட்டும் நாளிலேயே ஒவ்வொரு வாலிடேட்டரும் தன் பொதுச் சாவியைப் பதிவு செய்துவிடுகிறார். அதன் ஜோடியான ரகசியச் சாவி அவரிடம் இருக்கும். காலத்தைப் பன்னிரண்டு விநாடித் துண்டுகளாக வெட்டி, 32 துண்டுகளை ஒரு கட்டு ஆக்கியிருக்கிறார்கள். ஒரு கட்டு என்பது 6 நிமிஷம் 24 விநாடி. தன் முறை வரும்போது வாலிடேட்டர் அந்தக் கட்டின் வரிசை எண்ணின் மேல் ரகசியச் சாவியால் கையெழுத்துப் போடவேண்டும். இங்கேதான் சூட்சுமம். இது பி.எல்.எஸ். என்ற வகைக் கையெழுத்து. ஒரே சாவி, ஒரே எண் என்றால் ஒரே ஒரு கையெழுத்துதான் வரும். "இது எனக்குத் தோதா இல்லை, வேற மாதிரி போடறேன்" என்று சொல்ல வழியில்லை. போட்ட கையெழுத்து சரியா என்று பொதுச் சாவியை வைத்து உலகத்தில் யாரும் சோதிக்கலாம். போடும்வரை அது என்னவென்று சாவிக்காரரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பிளம் சொன்ன பூட்டிய பெட்டி இதுதான்.

அந்தக் கையெழுத்தை ஹாஷ் என்ற கணக்கில் அரைத்து, ஏற்கெனவே இருக்கும் கலவையோடு சேர்த்துவிடுவார்கள். அடுத்தவர் வந்து தன் பங்கைச் சேர்ப்பார். இப்படி 32 கைகள் மாறி மாறிக் கலக்கிய எண்தான், இடையில் ஒரு கட்டு விட்டு அதற்கடுத்த கட்டில் யார் யார் எழுதுவது, யார் யார் சரிபார்ப்பது என்று முடிவு செய்கிறது. பத்து லட்சம் பெயர்களையும் கலைத்துப்போட ஒரு சூத்திரம் இருக்கிறது, தொண்ணூறு சுற்று கலைக்கிறது. அந்தச் சூத்திரம் எல்லாருக்கும் தெரியும். எண் வெளியான நிமிஷத்தில், உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அதே வரிசை வரும், என் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் அதே வரிசை வரும். வரிசையில் இடம் கிடைக்காதவர் தானே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். யாரையும் போய்க் கேட்கவேண்டியதில்லை.

சரிபார்ப்பவர்களையும் ஏன் குலுக்கவேண்டும் என்று கேட்கலாம். ஒவ்வொரு பக்கத்தையும் பத்து லட்சம் பேரும் சரிபார்த்தால் வலைப்பின்னல் மூச்சுத் திணறிப்போகும். ஆகவே குழு குழுவாகப் பிரிக்கிறார்கள். ஒரு குழுவில் குறைந்தது 128 பேராவது இருக்கவேண்டும் என்பது இலக்கு. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குப் பேர் திருடர்கள் என்றே வைத்துக்கொள்வோம். நேர்மையாகக் குலுக்கினால், 128 பேர் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு திருடர்களாக வந்து சேரும் வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. நம் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்த நிகழ்தகவுப் பாடம்தான், வேறெதுவும் இல்லை. ஆனால் குலுக்கலைக் கொஞ்சம் வளைக்க முடிந்தாலும் இந்தக் கணக்கு முழுதும் சரிந்துவிடும். பாதுகாப்பு எல்லாமே அந்த ஒரு தற்செயல் எண்ணை நம்பித்தான் நிற்கிறது.

அப்படியானால் ராண்டாவோவை வளைக்கவே முடியாதா? கொஞ்சம் முடியும். இதை மறைக்காமல் சொல்லவேண்டும். கட்டின் கடைசித் துண்டில் எழுதுபவருக்கு, அதுவரை சேர்ந்த கலவை தெரியும், தன் கையெழுத்தும் தெரியும். சேர்த்தால் என்ன வரும், சேர்க்காமல் சும்மா இருந்தால் என்ன வரும் என்று இரண்டையும் பார்த்து, தனக்கு லாபமானதைத் தேர்ந்தெடுக்கலாம். சும்மா இருந்தால் அந்தப் பக்கத்துக்கான ஊதியம் போய்விடும். அவ்வளவுதான் தண்டனை. கடைசி இரண்டு துண்டுகளும் ஒரே ஆளுடையதாக அமைந்துவிட்டால் நான்கு வழி, மூன்று என்றால் எட்டு வழி. பிணை அதிகம் வைத்திருப்பவருக்கு இந்த அதிர்ஷ்டம் அடிக்கடி அமையும்.

இந்த ஓட்டையை அடைக்க உலகம் பூராவும் முயற்சி நடக்கிறது. 2018-இல் டான் போனே முதலிய நால்வர் முன்வைத்த 'தாமதக் கணக்கு' ஒரு வழி. எத்தனை மெஷின் வைத்திருந்தாலும் வேகமாகப் போட முடியாத கணக்கு அது. கடைசி ஆள் தன் லாபத்தைப் பார்த்து முடிப்பதற்குள் நேரம் கடந்துவிடும். ஈதரியத்தில் இது இன்னும் சேர்க்கப்படவில்லை. அல்கோராண்ட், கார்டானோ ஆகிய பிளாக்செயின்கள் வேறு வழியில் போகின்றன. அங்கே ஒவ்வொருவரும் தனக்குச் சீட்டு விழுந்ததா என்று தன்னிடமுள்ள சாவியை வைத்து ரகசியமாகப் பார்த்துக்கொண்டு, அதற்கான ஆதாரத்தோடு முன்வருகிறார். இதற்கு அடிப்படையான கணிதம் மிக்காலி, ரபீன், வதான் மூவரும் 1999-இல் எழுதியது.

இன்னொரு முயற்சியை மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ளவேண்டும். அதன் பெயர் 'டிராண்ட்'. சுவிட்சர்லாந்தின் இ.பி.எஃப்.எல். ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்த திறந்த மென்பொருள். 2019 முதல் சிலி பல்கலைக்கழகம், கிளவுட்ஃபிளேர் போன்ற பல நிறுவனங்கள் சேர்ந்து அதை ஓட்டிவருகின்றன. சாவி முழுதாக ஒருவரிடமும் இல்லை, துண்டு துண்டாகப் பலரிடம் இருக்கிறது. பாதிக்கு மேற்பட்டவர்கள் கூடினால்தான் அடுத்த எண் பிறக்கும். யார் யார் கூடினாலும் அதே எண்தான் வரும் என்பதால், கடைசிக் கையின் தந்திரம் இங்கே செல்லாது. ஒவ்வொரு சுற்றுக்கும் வரிசை எண் உண்டு. சில விநாடிகளுக்கு ஒரு தடவை புது எண் வெளியாகும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், சரியா என்று சோதிக்கலாம். ஃபைல்காயின் என்ற வலைப்பின்னல் தன் குலுக்கலுக்கு இதைத்தான் பயன்படுத்துகிறது.

ராண்டாவோவின் ஓட்டை எனக்கு எப்படித் தெரிந்தது? அதை உருவாக்கியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஓட்டையின் அளவைக் கணக்கிட்டு வெளியார் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறார்கள். ஹாட் லாட்டோவின் ஓட்டை ஒரே ஒரு ஆளுக்குத் தெரிந்திருந்தது. ராண்டாவோவின் ஓட்டை படிக்கத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். ஓபன் சோர்ஸ் என்று நாம் சொல்வதன் மதிப்பு எனக்கு இங்கேதான் புரிந்தது. இலவசமாகக் கிடைக்கிறதே என்பது அப்புறம்.

ஆனால் நண்பர்களே, கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, யாராவது உள்ளே வந்து பார்க்கவும் வேண்டும். 2006 செப்டம்பரில் டெபியன் லினக்ஸின் ஓபன்எஸ்எஸ்எல் தொகுப்பில், ஒரு சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டுகிறதே என்று சில வரிகளை நிறுத்தி வைத்தார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் தற்செயல் எண்ணுக்குக் கலவை சேர்த்த வரிகளே அவைதான். அதன்பின் ஒரு வகை மெஷினில், ஒரு அளவில், உருவாகக்கூடிய சாவிகள் மொத்தமே 32,768 தான் என்று ஆகிவிட்டது. ஒரு மத்தியானப் பொழுதில் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்துவிடலாம். 2008 மே மாதம் ஒருவர் கண்டுபிடிக்கும்வரை சுமார் இருபது மாதம் அந்தச் சாவிகளை வைத்து உலகம் நிம்மதியாகத் தூங்கியது. நிரல் அத்தனை நாளும் எல்லார் கண் முன்னாலும் திறந்துதான் கிடந்தது. உட்கார்ந்து படிக்கத்தான் ஆள் இல்லை.

இதற்கு ஈதரியக்காரர்கள் ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறார்கள். விதிமுறையைப் பைதான் மொழியில், ஓட்டிப்பார்க்கக்கூடிய நிரலாகவே எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு தனித்தனிக் குழுக்கள் தனித்தனி மொழிகளில் வாலிடேட்டர் மென்பொருள் எழுதுகின்றன. பிரிசம் கோ மொழியில், லைட்ஹவுஸ் ரஸ்ட்டில், டெக்கு ஜாவாவில், நிம்பஸ் நிம் மொழியில், லோட்ஸ்டார் டைப்ஸ்கிரிப்ட்டில். ஐந்தும் திறந்த மென்பொருள். ஒரே விடைத்தாளைப் பார்த்து எழுதாமல் ஐந்து மாணவர்கள் தனித்தனியாகக் கணக்குப் போடுவதுபோல. ஒருவர் தப்பாகப் போட்டால் மற்ற நால்வரின் விடை காட்டிக்கொடுத்துவிடும்.

2023 மே மாதம் இதற்கு ஒரு பரீட்சை வந்தது. 11-ஆம் தேதி சுமார் 25 நிமிஷமும், மறுநாள் ஒரு மணி நேரத்துக்கு மேலும், ஈதரியத்தில் பக்கங்கள் இறுதியாக உறுதிப்படவில்லை. பழைய நிலையைச் சுட்டிக்காட்டிய சில ஓட்டுகள் வந்து சேர்ந்தன. விதிப்படி அவை செல்லும். அவற்றைச் சரிபார்க்கப் பழைய கணக்கை எல்லாம் திரும்பத் திரும்பப் போட்டு பிரிசமும் டெக்குவும் திணறிப்போயின. லைட்ஹவுஸ் அந்த ஓட்டுகளை வேறு விதமாகக் கையாண்டதால் தாக்குப்பிடித்தது. புதுப் பக்கங்கள் எழுதப்படுவது நிற்கவில்லை, வலைப்பின்னல் தானாகவே எழுந்து நின்றது. இரண்டு குழுக்களும் உடனடியாகத் திருத்தம் வெளியிட்டன. எல்லாரும் ஒரே மென்பொருளை ஓட்டியிருந்தால் அத்தனை பேரும் ஒரேயடியாகப் படுத்திருப்பார்கள்.

அதைவிட மோசமான நிலையும் உண்டு. மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் ஒரே மென்பொருளை வைத்திருந்து, அதில் தவறு இருந்தால், தவறான பக்கமே உறுதியாகிவிடலாம். பிறகு சரியான பக்கத்துக்குத் திரும்ப நினைப்பவர்களுக்குப் பிணை பறிபோகும். அதனால்தான் எங்கள் குழுவில் பெரும்பான்மை மென்பொருளை மட்டும் நம்பி நிற்பதில்லை. ஒரு சாவி ஒரு நேரத்தில் ஒரு மெஷினில்தான் ஓடவேண்டும் என்பது எங்கள் இன்னொரு வேதவாக்கு. "மெயின் மெஷின் படுத்தா காப்பாத்தட்டும்னு இன்னொன்னிலும் அதே சாவியைப் போட்டு வைப்போம்" என்று நினைப்பது நம் இஞ்சினியர் புத்தி. இரண்டும் ஒரே சமயத்தில் எழுந்து வேறு வேறு கையெழுத்துப் போட்டால் அது திருட்டு என்றே கணக்காகும். நோக்கம் என்னவென்று மென்பொருள் கேட்பதில்லை.

மாணவச் செல்வங்களே, இதில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். முதலாவது, அந்தப் பைதான் விதிமுறையைத் திறந்து, பெயர்களைக் கலைக்கும் பகுதியை மட்டும் படியுங்கள். இரண்டு டஜன் வரிதான் இருக்கும். ஒரு காகிதத்தில் பத்துப் பெயரை எழுதிக் கையால் கலைத்துப் பாருங்கள், அப்புறம் எந்தப் புத்தகமும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது. இரண்டாவது, சோதனை வலைப்பின்னல்கள் என்று தனியாக இருக்கின்றன. அங்கே புழங்கும் ஈதருக்கு மதிப்பு இல்லை. நாலு பேர் சேர்ந்து லேபில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கலாம். கரண்ட் போய் வந்தால் என்ன ஆகிறது, கடிகாரம் சில விநாடி தவறினால் என்ன ஆகிறது என்று குறித்து வையுங்கள். மூன்றாவது, புரியாததைக் கேள்வியாக எழுதி அந்தக் குழுக்களுக்கே அனுப்புங்கள். "நம்ம காலேஜ் பையன் கேட்டா பதில் சொல்வாங்களா?" என்று தயங்கவேண்டாம். அங்கே காலேஜ் பெயரை யாரும் பார்ப்பதில்லை. கேள்வி நல்ல கேள்வியா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். டெபியனில் இருபது மாதம் கிடந்த தவறுக்கு வேண்டியிருந்தது மேதை இல்லை. "இந்த வரியை ஏன் எடுத்தீங்க?" என்று உட்கார்ந்து கேட்கும் ஒரு ஆள்தான்.

இப்போது சங்கத்துக்கு நான் சொல்ல வந்த யோசனை. நம் சங்கம் வருஷாவருஷம் கட்டண உதவித்தொகை தருகிறது. தேவையும் மதிப்பெண்ணும் பார்த்துத்தான் தருகிறோம். ஆனாலும் கடைசிக் கோட்டில் சமமாக நிற்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். பத்து இடம் மீதி, சமமாக நிற்பவர்கள் இருபத்தேழு பேர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே எந்தக் கமிட்டி எவ்வளவு நேர்மையாக முடிவெடுத்தாலும், பதினேழு வீடுகளில் "சிபாரிசு இருந்திருந்தா கிடைச்சிருக்கும்" என்ற பேச்சு எழத்தான் செய்யும். கமிட்டியில் உட்காரும் பெரியவர்களுக்கும் அது வேதனை, படிக்கிற பிள்ளைக்கும் அது காலமெல்லாம் தங்கும் கசப்பு.

அந்தக் கடைசிக் கோட்டை மட்டும் திறந்த குலுக்கலுக்கு விடலாம். முதலில் இருபத்தேழு பேரின் விண்ணப்ப எண்களை வரிசையாக அச்சடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடவேண்டும். ஒட்டியபின் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது. அதிலேயே, வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பிறக்கப்போகும் டிராண்ட் எண்ணின் சுற்று வரிசையையும் குறிப்பிடவேண்டும். திங்கட்கிழமை அந்த எண் வெளியானதும், ஒவ்வொரு விண்ணப்ப எண்ணோடும் அதைச் சேர்த்து ஷா-256 ஹாஷ் எடுத்து, விடைகளைச் சிறியதிலிருந்து அடுக்கி, முதல் பத்தை எடுத்துக்கொள்ளவேண்டும். ஒரே தடவைதான். "நெட் சரியில்லை, மறுபடி போடுவோம்" என்ற பேச்சுக்கே இடம் இல்லை. பத்து வரிப் பைதான் புரோகிராம் போதும், அதையும் போர்டில் ஒட்டிவிடலாம். இந்தக் கல்லூரியின் முதல் வருஷ மாணவி ஒருத்தி எழுதிவிடுவாள்.

இதனால் யாருக்கும் கூடுதலாக ஒரு ரூபாய் கிடைக்காது. அதே பத்து இடம்தான், அதே பதினேழு பேர் ஏமாற்றத்தோடுதான் போவார்கள். ஆனால் அவர்களில் ஒரு பிள்ளை ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து, தன் எண்ணைத் தானே போட்டுப் பார்த்து, "சரிதான், எனக்கு விழலை" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். உலகத்தின் பெரிய பெரிய மூளைகள் நாற்பது வருஷத்துக்கு மேலாக உழைத்துக் கண்டுபிடித்தது அந்த நிம்மதியைத்தான் என்று நான் நினைக்கிறேன். பிளாக்செயின் நாளைக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம், அதைப்பற்றி எனக்குக் கவலை இல்லை. இந்தப் பழக்கம் நம் கல்லூரியில் தங்கினால் போதும்.

யோசனையைச் செயற்குழு பரிசீலிக்கும் என்று நம்புகிறேன். புரோகிராமைச் சோதித்துப் பார்க்க முன்வரும் மாணவர்கள் சாப்பாட்டுக்குப் பின் என்னைப் பிடித்துக்கொள்ளலாம், லேப்டாப்பைக் கொண்டுவந்திருக்கிறேன்.